இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட்

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவர் சாவியைத் தொடமாட்டார். முதலில் இடது குதிகால் பின்னால் போகும். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டை, கண் பார்க்காமலேயே தேடித் தட்டி விரிக்கும். டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் சாவி, ஸ்டார்ட்டர், கிளம்பல் எல்லாம். பின்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் முறை. சொந்த வண்டியானாலும் சரி, ஓட்டிப் பார்க்க எடுத்த வாடிக்கையாளர் வண்டியானாலும் சரி.

மகள் இதைப் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே பார்த்து வருகிறாள். வலது பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறவள் அவள். ஆகவே வலது பக்கத்தைக் குனிந்து தானே கையால் விரித்துக்கொள்வாள்.

"இன்னொன்னையும் தட்டி விட்டா என்னப்பா, கால் தேய்ஞ்சா போயிடும்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஏன், உனக்குக் கை இல்லையா?" என்றார்.

சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டி அவள் அதோடு விட்டுவிட்டாள்.

பட்டறையில் அவருக்கு ஒயரு என்று பேர். இஞ்சின் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கமாட்டார். விளக்கு, ஹாரன், பேட்டரி, இப்போது வருகிற வண்டிகளின் சென்சார் என்று மின்சாரம் ஓடுகிற எதுவானாலும் அவர் கைக்குத்தான் வரும். முதலாளிக்கு வெறும் ஒயரு, மற்றவர்களுக்கு ஒயரண்ணன். ஆளும் ஒயர் மாதிரிதான் இருப்பார். மெலிந்து நீண்ட உடம்பு. உள்ளே என்ன ஓடுகிறது என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

மகளுக்கு அங்கே டிகிரி என்று பேர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படிப்பு முடிந்து, வேலைக்கு எழுதிப்போட்ட இடங்களிலிருந்து பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பட்டறையின் கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். வருகிற வண்டியின் குறையைக் கேட்டு எழுத வேண்டும், போகிற வண்டிக்கு ரசீது போட வேண்டும். "டிகிரி, அந்தச் சிவப்பு வண்டி யாருது?" என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குள் ஒரு முள் அசையும். தற்காலிகமாகத்தானே இங்கே இருக்கிறோம், அல்லது காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு இங்கேயே வேர் பிடித்துவிட்டோமா?

முள்ளுக்கு வேறொரு காரணமும் உண்டு. அவள் படிப்புக்காகத்தான் அம்மா கடல் கடந்து போனாள். அங்கே ஒரு வசதியான வீட்டில், தனியாக நடமாட முடியாத வயதான பெரியம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கூடவே தூங்கும் வேலை. மகள் உயர்நிலைப்பள்ளிக்குள் நுழைந்த வருஷம் போனவள், படிப்பு முடிந்தும் வரவில்லை. அந்தப் பெரியம்மா வேறு யார் கையிலும் சாப்பிட மறுக்கிறாராம்.

அம்மா கிளம்பிய காலை மகளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசலில் சொந்தக்காரர்களின் வேன் நின்றது. அம்மா அப்பாவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, "வேன் வேண்டாங்க. நீங்களும் நானும் மட்டும் வண்டியில போயிடலாம். பையை மடியில வெச்சுக்கறேன்" என்றாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "பிரேக்கைப் பிரிச்சுப் போட்டிருக்கேனே. நீ திரும்பி வர்றப்ப வண்டியிலேயே கூட்டிட்டு வரேன்."

"பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்."

முதல் லீவுக்கு அம்மா வந்தபோது அப்பா கார் ஏற்பாடு செய்தார். ஆகாயத்தில் பறந்து வருகிறவளைத் தூசியிலும் புகையிலும் உட்காரவைத்துக் கூட்டி வருவதா என்று நினைத்தார். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தார். அம்மா பின்சீட்டில் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணாடி வழியே பக்கத்தில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது மகளிடம் சொன்னாள்: "எல்லாம் மரியாதையாத்தான் இருந்துச்சு. விருந்தாளியக் கூட்டிட்டு வர்ற மாதிரி."

லீவு முழுக்கப் பார்க்க வருகிறவர்களுக்கே சரியாகப் போயிற்று. "நீயே கேளேம்மா, ஒரு சுத்து கூட்டிட்டுப் போகச் சொல்லி" என்று மகள் சொன்னதற்கு, "கேட்டு ஏறுற இடமா அது?" என்றாள் அம்மா. இரண்டாவது லீவுக்கும் கார்தான் வந்தது. அந்தத் தடவை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது லீவு இந்த மழைக்காலத்துக்கு முன்னால் என்று பேச்சு. அப்பா காருக்குச் சொல்லிவைத்தாரா இல்லையா என்பது மகளுக்குத் தெரியாது. கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற பேச்சை மூன்றாவது ஆள் எடுத்துக் கொடுக்கலாமா கூடாதா என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் தையல்காரர் மூன்றாவது தடவையாக வந்து சேர்ந்தார்.

தையல்காரரைப் பட்டறையில் எல்லோரும் ஊசி என்பார்கள். தொழிலுக்கும் பொருந்தும், உடம்புக்கும் பொருந்தும். வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கவுன்ட்டருக்கு வந்தார்.

"திரும்பவும் எரியுதும்மா."

எது என்று அவள் கேட்கவில்லை. சக்கரம் வழுக்காமல் பிரேக் பிடிக்கவைக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு. சாவியைத் திருப்பினால் மீட்டரில் மஞ்சளாக எரியும், வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணையும். அதுதான் ஆரோக்கியம். இவர் வண்டியில் ஓடுகிற ஓட்டத்தில் மறுபடி எரிந்தது. முதல் தடவை அப்பா பின்சக்கரத்துச் சென்சாரைக் கழற்றி முனையில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் துடைத்து மாட்டினார். இரண்டாவது தடவை ஒயரோடு சேர்த்துப் புதுச் சென்சாரே போட்டார். ஒரு வாரம் நன்றாக இருந்தது. இதோ, மறுபடி.

"எப்பங்க எரியுது?" என்று அப்பா வந்து கேட்டார்.

"அதான் சொல்றேனே. நான் தனியா வந்தா எரியல. எங்க வீட்டுக்காரி ஏறினா எரியுது."

வாட்டர் வாஷ் செய்கிறவர் குழாயைப் பிடித்தபடியே சிரித்தார். ஊசி சிரிக்கவில்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்த முதலாளியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன தடவை முதலாளி ஓவர் லோடுன்னு சொன்னாரு. ஒரு வாரம் கழிச்சு அவ ஏறி மறுபடி எரிஞ்சப்ப, அதை நான் அவகிட்ட சொல்லித் தொலைச்சேன். சிரிக்கறதுக்காகத்தான் சொன்னேன். அவ சிரிக்கல. அதுலேர்ந்து வண்டியில ஏறல."

"அப்புறம் எப்படிப் போறாங்க?"

"பஸ்ஸுலதான். சாயங்காலம் கடைய மூடுனா அவ ஸ்டாப்புக்குப் போயிடுவா. நான் வண்டிய எடுத்துக்கிட்டு முன்னாடியே போயி எங்க தெரு ஸ்டாப்புல நிப்பேன். அவ இறங்கி நடப்பா. நான் வண்டியத் தள்ளிக்கிட்டே கூட நடப்பேன்." ஊசி ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்தார். "பெட்ரோல் மிச்சம்."

அப்பா வண்டியின் பின்சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அது புதுசாகத் தைத்துப் போட்ட உறை. நடுவில் தூசி படிந்திருந்தது.

"விட்டுட்டுப் போங்க" என்றார். "அவங்க ஏறணும். ஏறினப்புறமும் எரியக்கூடாது. அதுவரைக்கும் இது இங்க இருக்கட்டும்."

அப்பா ஒரு வண்டியைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி மகள் கேட்டதில்லை.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். விஷயம் ஒன்றும் பெரிய மாயமில்லை. சக்கரத்தோடு சேர்ந்து பல் பல்லாக வெட்டிய ஒரு ரிங் சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லும் தாண்டும்போது பக்கத்திலிருக்கும் சென்சார் ஒரு துடிப்பை ஒயர் வழியே அனுப்புகிறது. முன்சக்கரத்திலிருந்து ஒரு ஒயர், பின்சக்கரத்திலிருந்து ஒரு ஒயர். இரண்டிலிருந்தும் சேதி வந்துகொண்டே இருந்தால்தான், அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது எந்தச் சக்கரம் வழுக்கப் போகிறது என்று வண்டிக்குத் தெரியும். ஒன்றிலிருந்து சேதி நின்றால், இனி என்னை நம்பாதே என்று விளக்கைப் போட்டுவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் வழுக்கலைத் தடுக்காது.

அவர் ரிங்கின் பற்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். சென்சாருக்கும் ரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மெல்லிய அளவுத்தகடு விட்டு அளந்தார். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒயரைச் சக்கரத்தின் பக்கம் ஆட்டிப் பார்த்தார், சீட்டுக்கு அடியில் சொருகுகிற இடத்தில் ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. தனியாக ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். வழக்கம்போல இடது குதிகால் பின்னால் போயிற்று. டக் என்று கேட்கவில்லை. தொப் என்று எதிலோ பட்டது. ஒரு கணம் தயங்கிவிட்டுக் கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது விளக்கு அணைந்தே இருந்தது.

"வெயிட்டு வெச்சுப் பாக்கணும்" என்றார்.

வாட்டர் வாஷ் அண்ணன் குழாயைக் கீழே போட்டார். பட்டறையிலேயே பெரிய உடம்பு அவருடையதுதான். "அந்த அம்மாவுக்கு நான் என்ன குறைச்சலா?" என்று பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டுப் பின்னால் ஏறினார். வண்டி முனகியது. தெருவில் இருக்கிற எல்லா வேகத்தடையிலும் ஏற்றி இறக்கிவிட்டு இருவரும் திரும்பி வந்தார்கள். விளக்கு எரியவில்லை.

அப்பா நேராகக் கண்ணாடி அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். "ஓவர் லோடு இல்லை" என்றார்.

"என்னது?" என்றார் முதலாளி, போனிலிருந்து தலையை எடுத்து.

"அந்தத் தையல்காரர் வண்டி. வெயிட்டு காரணம் இல்லை."

"சரிய்யா. அப்ப நல்லாத்தான இருக்கு, குடுத்து அனுப்பிடு."

"நல்லா இல்லையே. அவங்க ஏறினா எரியுதே."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு என்னய்யா ஆச்சு? யாரோ ஒருத்தர் பொண்டாட்டி பஸ்ஸுல போனா உனக்கென்ன?"

அப்பா கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார். கவுன்ட்டரிலிருந்து மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாக ஒன்றும் தெரியாத முகம். அன்றைக்குத் தெரிந்தது.

"டிகிரி" என்றார். பட்டறைக்குள் அவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "ஸ்கேனரை எடுத்துக்கிட்டு வா. ஓடுறப்பவே பாத்துடலாம். நான் ரோட்டைப் பாக்கறேன், நீ நம்பரைப் பாரு."

ஸ்கேனர் என்பது கையடக்கமான ஒரு திரை. அதை வண்டியோடு பொருத்தினால் முன்சக்கரத்தின் வேகமும் பின்சக்கரத்தின் வேகமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். சொருகுகிற இடம் இந்த வண்டியில் இடது பக்கத்துக் கவருக்குள் இருந்தது. ஒயரோ கட்டை ஒயர். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் தொடை இடித்தது. இழுத்துப் பிடித்தால் கழன்று வந்தது. கடைசியில் அவள் இறங்கி, இரண்டு காலையும் இடது பக்கமே தொங்கவிட்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டாள். கால் வைக்கத் தோதாகக் கீழே அகலமான ஒரு தகடு இருந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்து, கம்பெனியிலிருந்தே வந்தது போல நறுவிசாக இருந்தது.

"பிடிச்சுக்கோ" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல்.

இப்படி உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. விழுந்துவிடாமலிருக்க ஒரு கையை அவர் தோளில் வைத்தாள். அந்தத் தோள் சட்டென்று அசைவில்லாமல் போயிற்று. ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அவர் கிளட்சை விட்டார்.

"படி" என்றார்.

"முன்னாடி பத்து, பின்னாடி பத்து. முன்னாடி பதினஞ்சு, பின்னாடி பதினஞ்சு."

"ம்."

"இருவது, இருவது. இருவத்திரண்டு, இருவத்திரண்டு."

வாய்ப்பாடு ஒப்பிப்பது போலப் படித்துக்கொண்டே வந்தாள். வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியது. அவள் விழாமலிருக்கக் காலைத் தகட்டில் அழுத்தினாள்.

"முன்னாடி பன்னெண்டு. பின்னாடி..." குரல் நின்றது. "பின்னாடி பூஜ்யம்ப்பா."

மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அப்பா ஓரமாக நிறுத்தினார். பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டுத்தானே வந்துச்சு" என்றார், யாரிடமோ சொல்வது போல. "சேதிதான் வரல."

பிறகு அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். தொங்கிய கால்களை, கால்களுக்குக் கீழே இருந்த தகட்டை.

"அப்படியே உக்காரு. இறங்காதே. இந்தத் தடவை காலைத் தகட்டுல வெக்காம அந்தரத்துல தொங்கவிடு."

சாவியை அணைத்துப் போட்டுவிட்டு அதே வேகத்தடையை மறுபடி தாண்டினார். விளக்கு வரவில்லை. திரும்பி வந்து, காலைத் தகட்டில் வைக்கச் சொல்லித் தாண்டினார். வந்தது.

"இதான்" என்றார். "ஏறினப்பவே டக்குன்னு சத்தம் வரல. என்ன ஏதுன்னு நான் கேட்டிருக்கணும்."

அவ்வளவுதான், கண்டுபிடித்தாயிற்று. அங்கேயே திரும்பியிருந்தால் பட்டறை இரண்டு தெரு தள்ளி. ஆனால் அப்பா திரும்பவில்லை. சாவியை அணைத்துப் போட்டார். "காலை லேசா வெச்சுக்கோ, அழுத்தாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராகப் போனார். கடைவீதி முடிந்தது. மரக்கடை முடிந்தது. ரயில்வே கேட் வரைக்கும் போய், கேட் மூடியிருக்க, ஒரு சரக்கு ரயில் போகும்வரை இஞ்சினை அணைக்காமல் நின்றார். கேட் திறந்தும் அந்தப் பக்கம் போகவில்லை. வந்த வழியே திரும்பினார். பாதி வழியில் மகள் நம்பர் படிப்பதை நிறுத்திவிட்டாள். அவரும் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. தோளில் வைத்த கையை எடுக்கலாமா என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எடுக்கவில்லை.

ஒரு பக்கமாக உட்காருகிறவர்களுக்கு இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட் மட்டும் போதும். மரக்கடைப் பக்கம் வரும்போது இது அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அவர் தட்டி விரித்தது அவளுக்காக இல்லை. அவள் வேறொருத்தர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு பக்கத்தையும் விரிக்கவில்லையே என்று குறைபட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

தகட்டைக் கழற்றியதும் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது. தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டு தேவைக்கு மேல் நீளம். அதன் வால் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. தகட்டில் இரண்டு காலையும் அழுத்தி, அதே நேரத்தில் வண்டி ஒரு மேட்டில் ஏறினால், போல்ட்டு கீழே இறங்கும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை மேலே வரும். நடுவில் மாட்டிக்கொண்டது சென்சாரின் ஒயர். மேல்தோல் தேய்ந்து செம்பு பளபளத்தது. புது ஒயரைப் பழைய ஒயர் போன வழியிலேயே அப்பா விட்டிருந்ததால் அதற்கும் அதே கதி.

சாயங்காலம் ஊசி வந்தார். அப்பா ஒயரைக் காட்டினார், போல்ட்டைக் காட்டினார், பிறகு தகட்டைக் கையில் கொடுத்தார்.

"இது எங்க போட்டது?"

"நான் போட்டதுங்க. வெல்டிங் கடையில சொல்லிச் செஞ்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இது வண்டியில சேர்த்தி இல்லீங்களே" என்றார் ஊசி திகைத்துப் போய். "இது அவளுக்குப் போட்டது. கால் தொங்குனா முட்டி வலிக்குதுன்னா. பேப்பர்ல அவ காலை வெக்கச் சொல்லி, சுத்தி கோடு போட்டு, பேட்டர்ன் வெட்டிக் குடுத்தேன். அளவு துல்லியமா வந்துச்சு."

"அளவு சரிதாங்க. போல்ட்டுதான் நீளம்."

ஊசி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூக்கிப் போட்டுடவா?"

"எதுக்கு? அவங்க கால் வெக்க வேண்டாமா? போல்ட்டை வெட்டிட்டு, ஒயரை மேல் வழியா எடுத்துக் கட்டிடறேன். நாளைக்கு அவங்களையும் வரச் சொல்லுங்க."

மறுநாள் அந்த அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தார்.

"யாருங்க இங்க ஒயரு?"

"நான்தாம்மா."

"ஓவர் லோடு வந்திருக்குன்னு உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க."

கண்ணாடி அறைக்குள் முதலாளிக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

"உங்க வெயிட்டு இல்லம்மா" என்றார் அப்பா. "உங்களை விடப் பெரிய ஆள் ஏறிப் பாத்தாச்சு. ஒண்ணும் ஆகல. இவர் போட்ட தகட்டுல ஒரு போல்ட்டு நீளம், அது ஒயரை நசுக்குச்சு. அவ்வளவுதான் விஷயம்."

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். ஊசி வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆக, என் காலுக்குச் சுகம் பண்றேன்னு வண்டிக்கு நரம்பை நசுக்கிட்டு, பழிய என் தலையில போட்டாச்சு."

"நான் எங்கடி போட்டேன்? அவர் சொன்னதைச் சொன்னேன்."

"சொன்னதும் இல்லாம, என்னை நூலு, நூலுன்னு கொஞ்சுறது வேற. ஊசிக்குப் பின்னாடி வர்ற நூலாம்." அந்த அம்மா கவுன்ட்டரில் இருந்த மகளைப் பார்த்துச் சொன்னார்: "நீயே சொல்லும்மா, நான் நூலா? நூல்கண்டு."

வாட்டர் வாஷ் அண்ணன் சிரித்ததில் குழாய் தவறித் தன் கால்மேலேயே தண்ணீரை அடித்துக்கொண்டார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் வண்டியைப் பார்த்த பார்வையில் மட்டும் இன்னும் ஒரு தயக்கம் இருந்தது.

"எரிஞ்சா?" என்றார் மெதுவாக.

"எரியாது. எரிஞ்சா நீங்க இறங்க வேண்டாம், அவரை இறங்கச் சொல்லுங்க."

ஊசி வண்டியை ஸ்டார்ட் செய்தார். அந்த அம்மா அவர் தோளைப் பிடித்து, தகட்டில் கால் வைத்து, ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே அப்பாவைக் கேட்டார்.

"உங்க வீட்டம்மா எப்படி உக்காருவாங்க? இப்படியா, இல்ல இந்தக் காலத்துப் பொண்ணுங்க மாதிரி ரெண்டு பக்கமும் போட்டா?"

"இப்படித்தான்" என்றார் அப்பா. "இப்ப வெளிநாட்டுல இருக்காங்க. லீவுக்கு வருவாங்க."

"வந்தா முதல்ல பின்னாடி ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போங்க. எல்லாரும் என்னை மாதிரி ஸ்டாப்புல இறங்கிக் கூட நடந்து வரமாட்டாங்க."

வண்டி கிளம்பியது. அப்பா தெருவில் இறங்கி நின்று பார்த்தார். முதல் வேகத்தடையைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. தெருமுனையில் திரும்பும்போது ஊசி இடது கையைத் தூக்கி, விளக்கு எரியவில்லை என்று ஆட்டினார். அந்த அம்மாவும் ஆட்டினார். அப்பா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அம்மாவின் போன் வாரம் ஒருமுறை, அவளுக்கு ஓய்வு கிடைக்கும் காலையில் வரும். அந்த வாரம் வந்தபோது குரல் கம்மியிருந்தது. பெரியம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டதாம். இந்த நேரத்தில் விட்டுவிட்டு வர முடியாதாம்.

"லீவு அடுத்த வருஷம்தான். அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா. கார் எதுவும் சொல்லிவெச்சிருக்கப் போறாரு."

சொல்லிவிடுகிறேன் என்றுதான் மகள் எப்போதும் சொல்வாள். அன்றைக்குச் சொல்லவில்லை. "நீயே பேசு" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, கூடத்தில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தும் கேட்டது.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்பா "ம்" என்றார். பெரியம்மாவுக்கு ஆபரேஷன் உண்டா என்று கேட்டார். பிறகு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் தையல்காரர் வண்டியைப் பற்றி ஆரம்பித்தார். ரிங்கு, ஒயர், போல்ட்டு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"ஒருத்தர் ஒரு பக்கமா உக்காந்தாத்தான் அது தெரிஞ்சுச்சு" என்று முடித்தார். பிறகு, "இந்தத் தடவை நான் கார் சொல்லல" என்றார்.

அப்பா போனின் பக்கம் குனிந்தார்.

"ஹலோ? கேக்குதா?" என்றார் அப்பா.

"கேக்குது. கார் சொல்லாம?"

"வண்டியிலேயே வரலாம்னு இருந்தேன். உனக்குத் தோதுப்படுமோ என்னமோ."

சமையலறையில் மகள் குழாயைத் திறக்காமல், பாத்திரத்தைத் தொடாமல் நின்றாள்.

"பையை எங்க வெக்கிறது?" என்றாள் அம்மா.

"மடியில."

"சரி" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெரியம்மா கூப்பிடறாங்க. வெச்சிடறேன்" என்றாள்.

அப்பா போனை எடுத்து, அது அணைந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செருப்புத் தையலைத் தொடர்ந்தார்.

மறுநாள் காலை பட்டறைக்குக் கிளம்பினார்கள். வாசலில் அவர் ஏறி உட்கார்ந்தார். இடது குதிகால் பின்னால் போயிற்று. டக். மகள் குனிந்து வலது பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டைத் தன் கையால் விரித்துக்கொண்டு ஏறினாள்.

அடுத்த வருஷத்து லீவும் தள்ளிப்போயிற்று. விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும், பையை மடியில் வைத்துக்கொண்டு வருகிற அந்த ஒரு சவாரி அவர் கணக்கில் இன்னும் பாக்கியாக நிற்கிறது.